டீசலுக்கு ஏத்த ஓட்டம்

இந்தப் பக்கம் வந்து உட்காருங்க. அந்தச் சோபாவுல ஏசி நேரா மூஞ்சிக்கு அடிக்கும், சளி புடிச்சுக்கும். இப்படி எனக்கு வலது பக்கமா வந்துருங்க. ஆமாங்க, இங்கதான். பேப்பர் வேணுங்களா? நேத்துப் பேப்பர்தான் கிடக்குது. காபி மிஷின் இருக்குது, அமுத்துனா வரும். ஆனா வாயில வைக்க முடியாது.

சர்வீசுக்கு வந்தீங்களா? ஓ, புதுசு எடுக்க வந்தீங்களா. அந்த ஏழு பேர் உட்கார்ற பெரிய வண்டியா? அதேதானுங்க நானும் வச்சிருக்கேன். கறுப்பு. உள்ள மேடையில தூக்கி வச்சிருக்காங்க பாருங்க, அதுதான். பெட்ரோலா டீசலா? இன்னும் முடிவு பண்ணலைங்களா. நல்லது. அவசரப்படாதீங்க. நான் மூணு மாசம் யோசிச்சேன். ஞாயித்துக்கிழமை ஆச்சுன்னா இங்க வந்து உட்கார்ந்துக்குவேன். ஆடியில ஆரம்பிச்சு ஆயுத பூஜைக்கு வண்டி எடுத்தேன். போன வருசத்துக்கு முந்தின வருசம். அவ்வளவு யோசிச்சும் தப்பாப் போச்சு. அதுதான் இந்தக் கடைக்காரங்க மேல எனக்கு ஒரு வருத்தம்.

தனியாவா வந்தீங்க? வீட்ல கூட்டிட்டு வரலைங்களா? சரி, சரி. வேலை இருக்கும்.

என் பேரு அர்த்தநாரி. திருச்செங்கோடு. எங்க ஊருன்னா தெரியுமில்ல, ரிக் வண்டி. போர் போடற லாரிங்க. வீட்டுக்கு ஒரு ரிக் இல்லாட்டியும் தெருவுக்கு ரெண்டு இருக்கும். எனக்கு மூணு ஓடுது. இருபத்தி மூணு வயசுல ஆபரேட்டரா ஏறினேன். ராய்ப்பூர், பிலாஸ்பூர், அந்தப் பக்கமெல்லாம் போயி வருசத்துல ஒன்பது மாசம் அங்கயே கிடப்போம். மழை புடிச்சா ஊருக்கு வருவோம். அப்படி முப்பது வருசம். இப்ப அஞ்சு வருசமா வெளியில போறதில்லை. காத்தால பட்டறைக்குப் போறது, சாயங்காலம் வீட்டுக்கு வர்றது. நாலு கிலோமீட்டர்.

அதனால எங்களுக்கு டீசல்னா ஒரு இதுங்க. சட்டையில டீசல் வாசம் இல்லாட்டி எங்க ஆளுங்க என்னப்பா இன்னைக்கு லீவான்னு கேப்பாங்க. பெட்ரோல் வண்டின்னா மோட்டார் சைக்கிள், ஸ்கூட்டி. பெரிய வண்டி எடுக்கறேன்னு சொன்னதும் பட்டறையில ஒருத்தர்கூட இன்னொண்ணு சொல்லலை. டீசல் எடுங்க, டீசல் எடுங்கன்னே எல்லாரும். நானும் அதே எண்ணத்துலதான் வந்தேன்.

இங்க தமீம்னு ஒருத்தர் இருக்காரு. விக்கறவரு. முப்பத்தஞ்சு வயசிருக்கும், ரெண்டு புள்ளைங்க. நான் பாய்னுதான் கூப்பிடுவேன். நல்ல மனுசன். நல்ல மனுசன்தான், ஆனா சொல்ல வேண்டியதைச் சொல்லலையே. அதுக்கு வரேன்.

மொதல் நாளே கேட்டாருங்க. "சார், ஓட்டம் எவ்வளவு?" அதுதான் கேள்வி. மாசம் ஆயிரத்து ஐநூறு கிலோமீட்டருக்கு மேல ஓட்டினா டீசல் எடுங்க, அதுக்குக் கீழன்னா பெட்ரோல்தான் நல்லதுன்னாரு. ஏன்னு கேட்டேன். இப்ப வர்ற டீசல் வண்டிக்கெல்லாம் புகைக்கு ஒரு பில்டர் வச்சிருக்கான். கரி அதுல போயி படியும். நீங்க நெடுஞ்சாலையில வேகமா ஓட்டினா அந்தச் சூட்டுல கரி தானா எரிஞ்சு போயிரும். ஊருக்குள்ளயே உருட்டிட்டு இருந்தா அடைச்சுக்கும். "உங்களுக்கு ஓட்டம் எவ்வளவு வரும் சார்?"

ரெண்டாயிரம் வரும்னு சொன்னேன்.

பொய்யில்லைங்க. கணக்குப் போட்டுத்தான் சொன்னேன். எங்க பொண்ணு சிந்துஜாவைத் தர்மபுரியில குடுத்திருக்குது. மாசம் ரெண்டு தாட்டி அங்க. அப்புறம் வீட்ல ரொம்ப நாளாத் திருச்செந்தூர் போகணும்னா. கன்னியாகுமரி போகணும்னா. நான் வெளியூர் வேலையை விட்டதும் எல்லாத்துக்கும் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லியிருந்தேன். அதையெல்லாம் சேர்த்துத்தான் ரெண்டாயிரம். பக்கத்துல நின்னுட்டிருந்தவ முன்னாடி வந்து நின்னு, "எங்கீங்க போறோம் நாம?"ன்னு கேட்டா. போவோம் போவோம்னேன்.

எங்க வீட்ல பேரு சாந்தாமணி. அவளுக்கு ஒரு பழக்கம் உண்டுங்க. எதாவது சொல்லணும்னா முன்னாடி வந்து நின்னுக்குவா. வழியை மறிச்சுக்கிட்டு நிப்பா. நடந்து போறப்பகூட ரெண்டு எட்டு ஓடி வந்து முன்னாடி நின்னு சொல்லுவா. ஏம் புள்ள, பக்கத்துல வந்துட்டே சொன்னா ஆகாதான்னு சத்தம் போடுவேன். மத்தபடி அவ பேசவே மாட்டா. இயற்கையிலயே பேச்சில்லாத பொம்பளை. முப்பத்தோரு வருசத்துல வீட்ல ஒரு சண்டை கிடையாதுன்னா பாருங்க.

அந்த மூணு மாசமும் அவளையும் கூட்டிட்டு வந்தேன். கூட்டிட்டு வந்தேன்தான். அதுல என்னைக் குறை சொல்ல முடியாது. ஒரு நாள் பாய் ரெண்டு வண்டியையும் பக்கத்துல பக்கத்துல நிறுத்தி ஸ்டார்ட் பண்ணி விட்டாரு. ஒண்ணு பெட்ரோல், ஒண்ணு டீசல். "சத்தத்துல எவ்வளவு வித்தியாசம் பாருங்க சார்"னாரு. நான் பானட்டு மேல கையை வச்சேன். எங்க ஆளுங்களுக்கு அதுதான் பழக்கம். ரிக்குல நின்னுட்டு ராடு மேல கை வச்சா, முன்னூறு அடிக்குக் கீழ துளைக்கற பிட்டு பாறையில கிடக்குதா மண்ணுல கிடக்குதான்னு சொல்லிருவேன். கையிலயே தெரியும். இதுலயும் ரெண்டையும் தொட்டுப் பார்த்தேன். ஒண்ணு கொஞ்சம் அதிருது, இன்னொண்ணு அதிரலை. சத்தம்னு கேட்டீங்கன்னா ரெண்டும் ஒண்ணுதான். அப்படியேதான் சொன்னேன். பாய் நான் கிண்டல் பண்றேன்னு நினைச்சுச் சிரிச்சாரு. சாந்தா சிரிக்கலை.

அன்னிக்குத்தான் அவ சொன்னா. முன்னாடி வந்து நின்னு, "பெட்ரோலே எடுத்துக்கலாமுங்க. சத்தம் கம்மியா இருக்குது"ன்னா. அவ வாயைத் தொறந்து ஒண்ணு வேணும்னு கேட்டதே அதுதான். நான் என்ன சொன்னேன்னா, ரெண்டும் ஒரே சத்தம்தான், நீ சும்மாரு, ஓட்டம் ஜாஸ்தி இருக்குது நமக்குன்னேன். சரீங்கன்னு போயி அந்தச் சோபாவுல உட்கார்ந்துட்டா. நீங்க மொதல்ல உட்காரப் போனீங்களே, அந்தச் சோபா.

என்னங்க? காதா? காதெல்லாம் நல்லாத்தான் இருக்குது. முப்பது வருசம் கம்பிரசர் பக்கத்துல நின்னா யாருக்கும் கொஞ்சம் மந்தமாத்தான் இருக்கும். ஆபரேட்டர் நிக்கற இடத்துக்கு இடது கைப்பக்கம்தான் கம்பிரசர் ஓடும். அங்க யாரும் வாயில பேச மாட்டோம். பேசினாலும் கேக்காது. கை காட்டுவாங்க, நாங்க தலையாட்டுவோம். தலையாட்டினா ராடை இறக்குன்னு அர்த்தம். அது பழகிப் போச்சு. யாரு வாயசைச்சாலும் தலை தானா ஆடிரும். அது ஒரு மரியாதைதானுங்களே.

சரி, டீசலே எடுத்தாச்சு. மலை அடிவாரத்துல பூஜை போட்டு, எலுமிச்சம்பழத்து மேல ஏத்தி, எல்லாம் ஆச்சு. அதுல அவ மொத்தம் மூணு தாட்டிதான் உட்கார்ந்தா. மூணே தாட்டி. மொதல்ல அன்னிக்குக் கோயிலுக்கு. ரெண்டாவது பரமத்தியில ஒரு கல்யாணம். அந்த ரெண்டுக்கும் முன்னாடி என் பக்கத்து சீட்டுல வந்தா. மூணாவது தையில தர்மபுரிக்கு. பொண்ணு ஏழு மாசம். ஆபீசு வேலையை விட முடியாதுன்னு அங்கயே பிரசவம் வச்சுக்கிட்டாங்க. அதனால அம்மா போயி, குழந்தை பொறந்து மூணு மாசம் வரைக்கும் கூட இருக்கறதுன்னு பேச்சு. அன்னிக்கு அவ பின்சீட்டுல ஏறிட்டா. நான் ஒண்ணும் கேக்கலை. பெரிய வண்டி, பின்னாடி கால் நீட்டி உட்காரலாம், அதுக்குத்தான் ஏறினான்னு நினைச்சுக்கிட்டேன்.

கண்ணாடியில பார்த்தேனுங்க. ஓமலூர் தாண்டினதுல இருந்து அவ வாய் அசைஞ்சுட்டே இருந்துச்சு. கொஞ்சம் முன்னாடி சாஞ்சு உட்கார்ந்திருந்தா. என்னமோ சாமி பாட்டு முணுமுணுக்கறான்னு நினைச்சேன். தொப்பூர் கணவாய் வர்றப்ப என் தோளைத் தொட்டா. கண்ணாடியில பார்த்தேன், வாய் அசைஞ்சுது. ஏசி கூட வைக்கச் சொல்றாளோ என்னமோன்னு தலையாட்டினேன். ஒரு லாரிக்காரன் வேற பக்கத்துல அணைச்சுட்டு வந்தான். மறுபடியும் வாய் அசைஞ்சுது. மறுபடியும் ஆட்டினேன். அப்புறம் அவ பின்னாடி சாஞ்சுக்கிட்டா. ஜன்னல் பக்கமாத் திரும்பிக்கிட்டா. கண்ணைத் துடைச்ச மாதிரி இருந்துச்சு. ஏசி காத்துதான்னு நினைச்சுக் கொறைச்சு வச்சேன்.

பேரன் பொறந்தான். நல்லபடியாப் பொறந்தான். நானும் போயி பார்த்துட்டுத்தான் வந்தேன், பட்டறை ஆளோட காருல. வீடு பூரா உறவுக்காரங்க. அவ சமையல்கட்டுலயே இருந்தா, பேச நேரமில்லை. மூணு மாசம் கழிச்சு, வைகாசி கடைசியில, பொண்ணுக்குப் போன் பண்ணி, அம்மணி, ஞாயித்துக்கிழமை அம்மாவைக் கூட்டிட்டு வர வரட்டுமான்னு கேட்டேன்.

பொண்ணு "என்னப்பா, அம்மா இங்கயே இருக்கட்டும்னு நீங்கதான சொன்னீங்க"ன்னா.

நான் எப்ப சொன்னேன்?

"வண்டியில வர்றப்ப அம்மா கேட்டாங்களாமே. நான் இனி சிந்து கூடவே இருந்துக்கட்டுங்களான்னு கேட்டாங்களாமே. நீங்க தலையாட்டினீங்களாம். நெசமாத்தான் சொல்றீங்களான்னு மறுபடியும் கேட்டாங்களாம், அதுக்கும் ஆட்டினீங்களாம். ஏன்னு ஒரு வார்த்தை கேக்கலையேப்பா நீங்க. அதைச் சொல்லிச் சொல்லி அம்மா எத்தனை நாள் அழுதாங்க தெரியுமா."

நான் ம்னேன்.

வேற என்ன சொல்றதுங்க? எனக்குக் கேக்கலைன்னு சொல்றதா? கட்டுன பொண்டாட்டி அப்படி ஒரு கேள்வி கேக்கறா, காதுல விழுகலைன்னு சொன்னா யாராச்சும் நம்புவாங்களா? மாப்பிள்ளை பக்கத்துல இருந்திருப்பாரு. செவிட்டு மாமனாருன்னு அவரு வீட்டுக்குத் தெரியணுமா? அதுமில்லாம காது நல்லாத்தானே இருக்குது. அன்னிக்கு லாரிச் சத்தம். அதனால ம்னு சொல்லிட்டு வச்சுட்டேன். ஊருல கேக்கறவங்ககிட்ட, பேரனைப் பார்த்துக்கப் போயிருக்கான்னு சொல்லிருவேன். இந்தப் பங்குனியோட பதினாலு மாசம் ஆச்சு.

இல்லைங்க, பேச்சுவார்த்தையெல்லாம் உண்டு. புதன்கிழமை புதன்கிழமை போன் பண்ணுவா. மாத்திரை தீர்ந்துச்சா, வாங்கினீங்களா, தண்ணி மோட்டார் சரியா ஓடுதா, இப்படி. போனுல நல்லாப் பேசறா. பத்து நிமிசம், பதினஞ்சு நிமிசம் பேசறா. எதிர்வீட்டு நாய் குட்டி போட்டதைக்கூடச் சொல்றா. இந்தக் காதுலதான் வச்சுக்குவேன், வலது காதுல. குரல் கணீர்னு இருக்குது. அவ இவ்வளவு பேசுவான்னு எனக்குத் தெரியவே தெரியாது. ஆனா அந்தப் பேச்சை மட்டும் அவளும் எடுக்க மாட்டா, நானும் எடுக்க மாட்டேன்.

வீட்ல ஒண்ணும் குறையில்லை. சமைக்க ஒரு அம்மா வர்றாங்க. டிவி ஓடும். சாப்பிடுவேன், படுப்பேன். வருத்தமான்னு கேட்டா, வருத்தம்னு ஒண்ணும் தெரியலை. போர்ல தண்ணி வராம, இறக்குன கேசிங் குழாயைத் திருப்பி உருவிட்டு வருவோம் பாருங்க, அப்ப யாரும் அழுவறதில்லை. அடுத்த போர் போடற பாயிண்டுக்குக் கிளம்பிருவோம். அது மாதிரி ஒண்ணும் தோணறதில்லை. ரெண்டு தட்டு கழுவி வச்சிருக்கும், ஒண்ணுதான் எடுப்பேன்.

வண்டிக் கதைக்கு வரேன். ஆனியில லைட் எரிஞ்சுது. மீட்டர்ல மஞ்சளா ஒண்ணு. இங்க கொண்டாந்தேன். கம்ப்யூட்டர்ல பார்த்துட்டு, "சார், மாசம் இருநூத்தம்பது கிலோமீட்டர்தான் ஓடியிருக்குது, பில்டர் அடைச்சிருக்குது"ன்னாங்க. வாரம் ஒரு தாட்டி நெடுஞ்சாலையில முக்கால் மணி நேரம் நிறுத்தாம ஓட்டுங்க, எங்கயும் போக வேண்டாம், சும்மா ஓட்டினாப் போதும், கரி எரிஞ்சுரும்னாங்க.

அதுல இருந்து ஞாயித்துக்கிழமை ஆனா அதுதான் வேலை. காத்தால ஆறு மணிக்கு எடுத்தேன்னா சங்ககிரி வழியா ஏறி, சேலம், ஓமலூர், தொப்பூர். ஓமலூர்லயே லைட் அணைஞ்சுரும். இருந்தாலும் தொப்பூர் வரைக்கும் போவேன். எம்பது கிலோமீட்டர் இருக்கும். அங்க கணவாய் ஏத்தம் ஆரம்பிக்கற இடத்துல திருப்பிருவேன். கணவாயில வேகமாப் போக முடியாதுங்க, வளைவு, லாரி. வேகம் இல்லாட்டி கரி எரியாது. அப்புறம் எதுக்கு ஏறறது? அதுதான் காரணம். வேற ஒண்ணுமில்லை.

ஆமாங்க, அங்கிருந்து தர்மபுரி முப்பது கிலோமீட்டர்கூட இல்லை.

அங்க ஒரு டீக்கடை இருக்குது. கடைக்காரரு ஒரு நாள் கேட்டாரு, "வாரா வாரம் எங்கீங்க போயிட்டு வர்றீங்க?"ன்னு. எங்கயும் இல்லைங்க, வண்டிக்காக வந்தேன்னேன். வண்டிக்காகவான்னு ஒரு மாதிரியாப் பார்த்தாரு. டீயைக் குடிச்சுட்டு, அந்த மலையைக் கொஞ்ச நேரம் பார்த்துட்டு, திரும்பிருவேன். பத்து மாசமா இப்படித்தான் ஓடுது. டீசல் ஊத்தி ஊத்திக் கரியை எரிச்சுட்டு இருக்கேன்.

போன ஞாயித்துக்கிழமை லைட் அணையலை. தொப்பூர் வந்தும் அணையலை. அதனாலதான் இன்னைக்குக் கொண்டாந்தேன். மேடையில ஏத்தி, மிஷின் மாட்டிக் கரியை எரிக்கறாங்க. பாய் என்னைப் பார்த்ததும் வந்து இந்தச் சோபாவுல, இப்ப நீங்க உட்கார்ந்திருக்கற இடத்துலதான், உட்கார்ந்தாரு. "சார், உங்க ஓட்டத்துக்கு டீசல் ஆகாது. குடுத்துட்டு பெட்ரோல் எடுத்துக்கங்க, நல்லபடியா மாத்தித் தரேன்"னாரு. நான் சண்டைக்கே போயிட்டேன். அன்னிக்கே சொல்லியிருக்கலாமில்ல பாய்? ஏன் டீசலை என் தலையில கட்டுனீங்கன்னேன். அவரு, "நீங்கதான சார் ரெண்டாயிரம் கிலோமீட்டர்னு சொன்னீங்க"ன்னாரு. அது சரிதான்.

அப்புறம் வீட்ல அம்மா நல்லா இருக்காங்களான்னு விசாரிச்சாரு. பேரனைப் பார்த்துக்கப் போயிருக்கான்னேன். அப்பத்தான் அவரு சாதாரணமாச் சொல்றாரு. "அம்மா அன்னிக்கே பெட்ரோல்தான் கேட்டாங்க சார். நீங்க பில் போடற இடத்துல இருந்தீங்க. என்னைத் தனியாக் கூப்பிட்டு, தம்பி, எந்த வண்டியில உட்கார்ந்து பேசினா ஓட்டறவங்களுக்குக் கேக்கும்னு கேட்டாங்க. பெட்ரோல்தான்மான்னேன். அதையே குடுத்துருங்க தம்பி, அவுங்களுக்கு நான் பேசறது கேக்க மாட்டீங்குது, வீட்லயும் டிவி ஓடிட்டே இருக்குது, வண்டியிலதான் ஒரு மணி நேரம் என் பக்கத்துல உட்கார்ந்திருப்பாங்கன்னு சொன்னாங்க. நான் என்ன சார் பண்ணட்டும், நீங்க டீசலுக்குக் கையெழுத்துப் போட்டுட்டு வந்துட்டீங்க."

கேட்டீங்களா? இதை எப்ப சொல்றாரு பாருங்க. இதுதான் என் வருத்தம். ஒரு பொம்பளை வந்து இப்படிக் கேட்டிருக்கா, அதை அப்பவே என்கிட்டச் சொல்ல வேண்டாமா? சொல்லியிருந்தா நான் பெட்ரோலே எடுத்திருப்பேனே. எடுத்திருப்பேன். நிச்சயமா எடுத்திருப்பேன்.

அந்தப் பெட்ரோல் வண்டியை ஒரு தாட்டி ஓட்டிப் பார்க்கறேன் பாய்னேன். சாவி குடுத்தாரு. அவரும் பக்கத்து சீட்டுல ஏறிக்கிட்டாரு. பைபாஸ் வரைக்கும் போனோம். அருமையான வண்டிங்க. மெத்து மெத்துன்னு போகுது. ஸ்டீயரிங்ல கை வச்சா ஒரு அதிர்வு கிடையாது. நான் பேசாம ஓட்டிட்டே போனேன், அவரும் பேசாம வந்தாரு. அப்படித்தான் நினைச்சுட்டு இருந்தேன். சிக்னல் விழுந்துது, நிறுத்தினேன். சும்மா திரும்பிப் பார்த்தேன்.

அவரு வாய் அசைஞ்சுட்டு இருந்துச்சு.

கையைக் காட்டிக் காட்டி என்னமோ சொல்லிட்டு வந்திருக்காரு. எங்கிருந்து சொல்லிட்டு வர்றாருன்னு தெரியலை. வண்டி நின்னுட்டு இருக்குது, கண்ணாடி ஏத்தியிருக்குது, ரோட்டுச் சத்தம் ஒண்ணும் உள்ள வரலை. லாரியும் இல்லை. நான் தலையாட்டினேன். பச்சை விழுந்துது. எடுத்துட்டு வந்துட்டேன்.

அப்ப பெட்ரோல் எடுத்திருந்தாலும் அதேதானுங்க. அவ இடது பக்கம்தானே உட்கார்ந்திருப்பா.

வந்து இங்க உட்கார்ந்தேன். ஒண்ணும் தோணலை. நீங்க வந்தீங்க. வந்ததும் வராததுமா உங்களை இந்தப் பக்கம் வந்து உட்காருங்கன்னு சொன்னேன் பாருங்க. உங்க பேருகூட எனக்குத் தெரியாது. ஏசி அடிக்கும்னு சொன்னேன். அங்க ஏசி அடிக்காதுங்க. அந்த ஏசி ரெண்டு வருசமா ரிப்பேரு.

எல்லார்கிட்டயும் எதாவது ஒண்ணு சொல்லி இந்தப் பக்கம் உட்கார வச்சிருவேன். பட்டறையில என் நாற்காலியே செவுத்தோரம்தான் போட்டிருக்கேன், இடது பக்கம் யாரும் வர முடியாது. பேங்க்குல, கல்யாணத்துல, எங்க போனாலும் இடம் பார்த்துத்தான் உட்காருவேன். பன்னெண்டு பதிமூணு வருசமா ஒருத்தருக்கும் தெரியாது. அவளைத்தான் எந்தப் பக்கமும் உட்காரச் சொன்னதில்லை. அவகிட்ட எதுக்குன்னு விட்டுட்டேன். வீட்டு ஆளுதானே, முன்னாடி வந்து நின்னு சொல்லிக்குவான்னு.

சொல்லலாமுங்க. நீங்க சொல்றது சரிதான். எத்தனையோ தாட்டி போனைக் கையில எடுத்திருக்கேன். அன்னிக்கு எனக்குக் கேக்கலை சாந்தான்னு சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஆனா அதைச் சொன்னா, அப்ப இத்தனை வருசம் நான் பேசினதுன்னு கேப்பாளே. அதுக்கு என்ன சொல்றது? எதை எதைக் கேட்டாளோ, எதுக்கெல்லாம் நான் ஆட்டினேனோ. அது எதுவுமே எனக்குத் தெரியாதே.

என்னங்க அந்தப் பக்கமாவே பார்க்கறீங்க?

அட, பாய். எப்ப வந்து நின்னீங்க? ரொம்ப நேரமாவா? உட்காருங்க. வண்டி ஆயிருச்சா? லைட் அணைஞ்சுதா? சரி. இது என்ன பேப்பரு? கையெழுத்தா? எதுக்கு?

டீசலைக் குடுத்துட்டுப் பெட்ரோல் எடுக்கறதுக்கா? நான் எப்ப சொன்னேன்?

இப்பவா. இங்க நின்னு கேட்டீங்களா. நான் சரின்னு தலையாட்டினனா.

ஏனுங்க, நீங்க பார்த்துட்டுத்தானே இருந்தீங்க. ஆட்டினனா? ரெண்டு தாட்டியா?

சரி. அந்தப் பேப்பரை அங்க வைங்க பாய். கோவிச்சுக்காதீங்க. நீங்க கேட்டது எனக்குக் கேக்கலை. அங்க நிக்காதீங்க, இப்படி வலது பக்கமா வந்து சொல்லுங்க. எனக்கு இடது காது கேக்காதுங்க. பன்னெண்டு வருசமா கேக்காது. சுத்தமாக் கேக்காது.

வண்டியை மாத்த வேண்டாம். சாவியைக் குடுங்க. இல்லை, பாய், ஊருக்கில்லை. இன்னைக்கு என்ன, புதன்கிழமையா? அவ போன் பண்ற நாளு. பண்றதுக்குள்ள போயிரலாமில்ல? வேகமாப் போகாட்டியும் பரவால்லை, கணவாய் ஏறிக்கறேன்.

நான் வரேனுங்க. நீங்க எதை வேணாலும் எடுங்க, ரெண்டும் நல்ல வண்டிதான். பார்த்தீங்களா, பாய்கிட்டச் சொன்னேனே இப்ப. அரை நிமிசம் ஆகலைங்க.